முதல் அழைப்பு

வக்கீல்கள் அந்த நீதிபதிக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘தட்டு அம்மா’. ஏழைகளுக்காகத் தங்கள் முன்னால் தட்டு ஏந்திக்கொண்டு நிற்கிறாராம். பெயர் வைப்பதில் வக்கீல்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு ஏழையின் வழக்கைக் காசு வாங்காமல் நடத்திக் கொடுங்கள் என்று கேட்டால் மட்டும் அத்தனை பேரும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

அவருடையது குடும்ப நீதிமன்றம். மூன்றாவது மாடியில், ஜன்னல் திறந்தால் மூட வராத ஒரு கூடம். காலையில் கதவு திறப்பதற்கு முன்பே வராந்தா நிரம்பிவிடும். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வக்கீல் கிடையாது. அவர்கள் நீதிபதி முன்னால் வந்து நின்று தங்கள் கதையைக் கல்யாண நாளிலிருந்து ஆரம்பிப்பார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து இரண்டே வாக்கியத்தில் அவர்களைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். நீதிபதி கையைப் பிசைந்துகொண்டு பார்க்க வேண்டியதுதான். ஒரு பக்கத்துக்கு அவரே அடியெடுத்துக் கொடுத்தால் அப்புறம் அவர் எதற்கு நீதிபதி?

எந்த வக்கீலையும் இலவசமாக வாதாடு என்று கட்டாயப்படுத்த அவருக்கு அதிகாரம் இல்லை. கேட்கலாம், அவ்வளவுதான். கேட்டுப் பார்த்தார். வக்கீல் சங்கத்தில் போய்ப் பேசினார். கூடம் அதிரக் கைதட்டினார்கள், ஒருவர்கூட முன்வரவில்லை. ஏழைக்கு வாதாடுகிறவருக்குப் பாராட்டுப் பத்திரம் என்றார். இரண்டு பேர் வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள், மூன்றாவது ஆள் வரவில்லை. தன் சேம்பர் அறைக்குக் கூப்பிட்டு டீ கொடுத்துக் கேட்டார். டீயைக் குடித்துவிட்டு, ‘பார்க்கலாம் மேடம்’ என்று போனவர்கள் அதற்குப் பிறகு அவரை வராந்தாவில் பார்த்தால் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

ஒருநாள் அவருக்கு உறைத்தது. வக்கீலுக்குப் பணத்தைவிடப் பெரிய பசி ஒன்று உண்டு, நேரம். காலையில் தன் வழக்கை எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் பெஞ்சில் தவம் கிடக்கிற நேரத்தில் பக்கத்துக் கூடத்தில் இன்னொரு வழக்கு கை நழுவிப் போகும். அதனால் அவர் ஓர் ஏற்பாடு செய்தார். யார் இலவச வழக்கு ஒன்றை எடுத்து நடத்துகிறாரோ, அந்த வழக்கு வருகிற நாளில் இந்தக் கூடத்தில் உள்ள அவருடைய மற்ற வழக்குகளும் சேர்ந்து முதலில் கூப்பிடப்படும். முதல் அழைப்பு. முடித்துவிட்டு அவர் அடுத்த கூடத்துக்கு ஓடலாம்.

மறுவாரமே வக்கீல்கள் வரிசையில் நின்றார்கள். நம்பத்தான் முடியவில்லை. டீ குடித்துவிட்டுத் தப்பி ஓடியவர்களே சிரித்த முகத்தோடு வந்து, “எனக்கும் ஒண்ணு குடுங்க மேடம்” என்றார்கள். மற்ற ஊர் நீதிமன்றங்களிலிருந்து வந்து விசாரித்துப் போனார்கள். மேலிடத்தில் அவர் பெயர் நல்லவிதமாக அடிபட்டது. நீதிபதிக்குத் தலைகால் புரியவில்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆனாலும் உண்மை அதுதான்.

அந்த ஏற்பாட்டில் முதன்முதலாக வக்கீல் கிடைத்தவள் ஒரு தாய். ஆஸ்பத்திரி ஒன்றில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை. சலவை சோடாவில் ஊறி விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கும். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து அவள் வீடு திரும்பியபோது புருஷன் கதவைத் திறக்கவில்லை. மூன்று வயது மகன் சின்னு உள்ளே இருந்தான். புருஷன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன். பிள்ளையைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு வண்டியேறிவிட்டான். சின்னுவைத் திருப்பித் தரச் சொல்லுங்கள் என்பதுதான் அவளுடைய வழக்கு. வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

அவளுக்கு வக்கீலாக வந்தவரைப் பம்பரம் என்று கூப்பிடுவார்கள். ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்குக் கோட்டு பறக்கச் சுற்றிக்கொண்டே இருப்பார். ரொம்பக் கெட்டிக்காரர். நல்ல மனுஷரும்தான், பஸ்ஸுக்குக் காசில்லாமல் அவள் நடந்து வந்தாள் என்று தெரிந்தால் திட்டிவிட்டுத் தானே கொடுப்பார். அவள் ஒவ்வொரு முறையும் அவருக்குக் கும்பிடு போடுவாள். அதைப் பார்க்கிறபோதெல்லாம் நீதிபதிக்கு நெஞ்சு நிறையும்.

வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதாவது, வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக நகர்ந்துகொண்டிருந்தது. ஒருமுறை ஆஸ்பத்திரிச் சான்றிதழ் வரவில்லை. ஒருமுறை சாட்சிக்குக் காய்ச்சல். ஒருமுறை எதிர்த்தரப்பு பதில் மனுவைப் படிக்க அவகாசம். எல்லாமே நியாயமான காரணங்கள். எதிர்த்தரப்பும் ஆட்சேபிக்கவில்லை, பிள்ளை அவர்கள் கையில் இருக்கிறான், அவர்கள் எதற்கு அவசரப்படப் போகிறார்கள்? நீதிபதி தலையை ஆட்டினார். ஒரு காலைக்குள் முடிக்க வேண்டிய பட்டியல் மலை மாதிரி முன்னால் கிடக்கும்போது, இருவரும் ஒத்துக்கொண்டு கேட்கிற வாய்தாவை எந்த நீதிபதியும் நிறுத்திவைத்து விசாரிப்பதில்லை. இப்படியே, அவள் பிள்ளையை ஒருமுறைகூடப் பார்க்காமலே, இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

நில வழக்குகளோடு விவாகரத்தும் பார்க்கிற ஒரு பெண் வக்கீல், ஒரு மதிய இடைவேளையில், சேம்பருக்கு வந்தார். வெள்ளை மனசுக்காரர். அந்த வெள்ளை மனசுதான் அன்றைக்கு எல்லாவற்றையும் போட்டு உடைத்தது.

“எனக்கும் ஒரு இலவச வழக்கு குடுங்க மேடம்.”

“தாராளமா. இன்னிக்கே ஒண்ணு இருக்கு, ஜீவனாம்சம். ரெண்டு தடவை வந்தா முடிஞ்சுடும்.”

பெண் வக்கீல் கொஞ்சம் நெளிந்தார். “சீக்கிரம் முடியறது வேணாம் மேடம். பம்பரம் சார் வெச்சிருக்காரே, அது மாதிரி ஒண்ணு. ஓடிக்கிட்டே இருக்கணும்.”

“ஏன், முடிஞ்சா என்ன?”

“முடிஞ்சா முதல் அழைப்பு போயிடுமே. மறுபடியும் புது ஆளைப் பிடிச்சு, கதை கேட்டு, மனு எழுதி... யாரால முடியும்? பழசு ஒண்ணு கையில இருந்தா அது பாட்டுக்குக் கெடக்கும். நம்ம மத்த கேஸெல்லாம் என்னிக்கு வருதோ, அன்னிக்கே அதுக்கும் வாய்தா கேட்டு வாங்கிக்கிட்டா போதும். எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க?”

நீதிபதி சாப்பிடத் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். ஒவ்வொரு வாய்தாவின்போதும் பம்பரம் தானே தேதி சொன்னது அவருக்கு நினைவு வந்தது. ‘பதினெட்டாம் தேதி சௌகரியப்படுமா மேடம்?’ எவ்வளவு பணிவாகக் கேட்பார். கட்சிக்காரியின் சௌகரியத்துக்கு என்றுதான் இவர் நினைத்திருந்தார். பெண் வக்கீலை அனுப்பிவிட்டு பெஞ்ச் கிளார்க்கைக் கூப்பிட்டார்.

“நம்ம இலவச வழக்கெல்லாம் இதுவரைக்கும் எத்தனை முடிஞ்சிருக்கு?”

கிளார்க் மோட்டுவளையைப் பார்த்தார். “எடுத்தது நெறைய மேடம். முடிஞ்சதுன்னா... விரல் விட்டு எண்ணிடலாம்.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“நீங்க கேக்கலையே மேடம். நல்லா ஓடுதுன்னு எல்லாரும் சொன்னாங்க.”

அன்று சாயந்திரம் பம்பரம் வந்து நின்றார். முதலில் சிரித்துக்கொண்டேதான் நின்றார். நீதிபதி விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“நான் ஒரு வாய்தாகூடப் பொய் சொல்லி வாங்கலை மேடம். சான்றிதழ் வரலைன்னா நெஜமாவே வரலை.”

“வரவழைக்க முயற்சி பண்ணீங்களா?”

அவர் தரையைப் பார்த்தார். “அவசரப்படலை. அவ்வளவுதான்.”

“அவ உங்களைத் தெய்வமா நெனச்சுக்கிட்டிருக்கா.”

“தெரியும் மேடம்.” சண்டை போடுகிற குரலில் இல்லாமல், வெறுமனே சொன்னார். “நாலு கூடத்துல கேஸ் வெச்சுக்கிட்டு ஓடறவன் நான். நீங்க ஒரு வழியைத் திறந்து விட்டீங்க. அந்த வழி மூடாம பாத்துக்கிட்டேன். கேட்டப்பல்லாம் குடுத்ததும் நீங்கதான்.”

திட்டவும் நீதிபதிக்கு இடமில்லை. அந்த ஆள் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை என்பதுதான் அவரைக் கொன்றது. தான் ஏழைக்கு வக்கீல் தேடித் தரவில்லை, வக்கீலுக்கு ஏழை தேடித் தந்திருக்கிறோம் என்று நினைக்கையில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது.

“இனிமே வாய்தா கிடையாது. திங்கட்கிழமை விசாரணை. பையனையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க” என்றார்.

திங்கட்கிழமை பம்பரம் வாதாடினார். அடடா, என்ன வாதம். ஆஸ்பத்திரிச் சான்றிதழ் இருந்தது, அக்கம்பக்கத்துச் சாட்சி இருந்தது, அவள் சம்பளச் சீட்டு இருந்தது. ஒரு தாய் நோயாளியாகப் படுத்ததைத் தவிர வேறென்ன குற்றம் செய்தாள் என்று அவர் கேட்டபோது பின்வரிசை வக்கீல்கள்கூட பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். இதையே இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாதி அளவு செய்திருந்தால் போதும், சின்னு அன்று சாயந்திரமே அம்மா இடுப்பில் வீட்டுக்குப் போயிருப்பான். எதிர்த்தரப்பு வக்கீல் இதற்கெல்லாம் பதில் சொல்ல மெனக்கெடவில்லை. எழுந்து ஒன்றே ஒன்று சொன்னார்.

“பையன் அங்கேயே பழகிட்டான் மேடம். நீங்களே பேசிப் பாருங்க.”

நீதிபதி தாயையும் பிள்ளையையும் சேம்பருக்கு அழைத்துக்கொண்டார். சின்னு பள்ளிக்கூடச் சீருடையில் வந்திருந்தான். தலை படிய வாரிவிட்டிருந்தது, நகம் வெட்டியிருந்தது, கர்சீப்பைச் சட்டையில் ஊக்கு குத்தி மாட்டியிருந்தது. வளர்க்கிற அத்தை கவனமானவள் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அவள் பிள்ளையை அடிக்கிறவளாக, பட்டினி போடுகிறவளாக இருந்திருந்தால் நீதிபதிக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பிள்ளையின் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

தாய் ஒரு பையைக் கொண்டுவந்திருந்தாள். அதிலிருந்து ஒரு புதுச் சட்டையை எடுத்துப் பிரித்து அவன் மார்பில் வைத்துப் பார்த்தாள். அது தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது.

“வளந்துட்டான்” என்று அவள் நீதிபதியைப் பார்த்துச் சிரித்தாள். சட்டையை மறுபடி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சின்னு அவளுக்குத் தன் விழுந்த பல்லைக் காட்டினான். விருந்தாளி யார் வந்தாலும் காட்டுவானாக இருக்கும். எப்படி விழுந்தது, அதை எங்கே ஒளித்து வைத்திருக்கிறான், பக்கத்து வீட்டு அண்ணனுக்கு எத்தனை விழுந்திருக்கிறது எல்லாம் சொன்னான். அவள் ஒவ்வொன்றுக்கும் ‘அப்படியா, அப்படியா’ என்றாள். நீதிபதிக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது.

“இவங்க யாருன்னு தெரியுமா கண்ணா?”

“ம். அத்தை சொல்லுச்சு. எங்க அம்மா.” பாடம் ஒப்பிப்பது மாதிரி சொன்னான்.

“இவங்க கூட வீட்டுக்குப் போறியா? கொஞ்ச நாள் இருந்து பாக்கறியா?”

அவன் கதவைப் பார்த்தான். அதன் அடியில் தெரிந்த இடைவெளியில் அத்தையின் செருப்பு தெரிகிறதா என்று குனிந்தும் பார்த்தான். உதடு பிதுங்கிற்று. அழக்கூடாது என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். பிறகு தாயிடமே திரும்பிக் கேட்டான்.

“நான் சமத்தா இருந்தா அத்தைகிட்ட அனுப்பிடுவீங்களா?”

சட்டையைப் பைக்குள் வைத்தாள். அவன் தலையைத் தடவி, “நீ சமத்துதான்” என்றாள். நீதிபதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் பெற்று வளர்த்த மகள் ஒருத்தி உண்டு.

இரண்டு நாள் அவர் அந்தத் தீர்ப்போடு மல்லுக்கட்டினார். பிள்ளையைத் தாயிடம் கொடு என்று எழுதிவிட மனசு துடித்தது. எழுதினால் இவருடைய குற்ற உணர்வு தீரும். ஆனால் அதற்கு விலை கொடுப்பது யார்? கதவிடுக்கில் குனிந்து செருப்புத் தேடுகிறவன்தான். இவருடைய தப்புக்கு அவனையா அழவைப்பது? குழந்தையின் நலன் எதுவோ அதுதான் முதல் என்று சட்டம் சொல்கிறது; இத்தனை வருஷமாக இவரும் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறார். பொதுவாக மனுஷர்கள் தங்கள் பாவத்தைத் தாங்களே கழுவிக்கொள்ளலாம். நீதிபதிக்கு அந்த வசதிகூட இல்லை. வேறொரு நீதிபதியிடம் தள்ளிவிடலாமா என்றும் யோசித்தார். தள்ளினால் அங்கே முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள், இன்னும் ஒரு வருஷம் போகும். போதும் என்று உட்கார்ந்து எழுதினார்.

புதன்கிழமை கூடம் நிறைந்திருந்தது. முதல் வழக்காக இதைத்தான் கூப்பிட்டார்கள், அதுதானே வழக்கம். நீதிபதி தீர்ப்பைப் படித்தார். சின்னு அத்தையிடமே இருப்பான். வாரம் ஒருநாள் தாய் அவனைப் பார்க்கலாம். அவன் பழகப் பழக நேரத்தைக் கூட்டிக் கேட்கலாம். படிக்கும்போது அவர் தலை நிமிரவில்லை.

அவள் சத்தம் போட்டு அழுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவளோ இரண்டு கையையும் கூப்பினாள்.

“நல்லதும்மா. அவன் அழாம இருந்தா சரி.” வக்கீல் பக்கம் கையைக் காட்டினாள். “ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்த வக்கீல் ஐயா என்கிட்ட ஒரு காசு வாங்கலை. இத்தனை நாள் எனக்காக அலைஞ்சிருக்காரு. என்னால அவருக்கு ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க பாத்து அவருக்கு ஏதாவது நல்லது பண்ணணும்.”

பம்பரம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நீதிபதி சரி என்று சொல்லிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டிருக்கலாம். யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கும்பிடை இன்னொரு தடவை வாங்கிக்கொள்ள அவரால் முடியவில்லை.

“அவருக்குப் பண்ண வேண்டியதை நான் ஏற்கெனவே பண்ணிட்டேம்மா” என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. “உங்க வழக்கு இருந்தா அவரோட மத்த வழக்கெல்லாம் முதல்ல கூப்பிடுவேன்னு சொல்லியிருந்தேன். அதனால உங்க வழக்கு முடியாம இருக்கறது அவருக்கு லாபமாப் போச்சு. இத்தனை வாய்தாவும் அதுக்குத்தான். ஏன்னு கேக்காம குடுத்தது நான்.”

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. வக்கீலைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. மறுபடி நீதிபதியைப் பார்த்தாள்.

“அப்போ, என் வழக்கை ஆரம்பத்துலயே விசாரிச்சிருந்தா?”

“ஆரம்பத்துலயே விசாரிச்சிருந்தா சின்னு உங்க கூடத்தான் இருந்திருப்பான்.”

நீதிபதி அவசர அவசரமாகச் சொன்னார்: “தாமதத்துக்குக் காரணம் இந்த நீதிமன்றம்தான்னு தீர்ப்புலயே எழுதியிருக்கேன். அதை வெச்சு நீங்க மேல்முறையீடு பண்ணலாம். கண்டிப்பா பண்ணணும்.”

“யாரை வெச்சும்மா பண்றது?”

நீதிபதி பெஞ்சுகளைப் பார்த்தார். வரிசை வரிசையாகக் கறுப்புக் கோட்டுகள். முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஃபைலைத் திறந்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர் பேனா மூடியைத் தேடினார். ஒருவராவது எழுந்திருங்கள் என்று அவர் கண்ணாலேயே கெஞ்சினார். முதல் அழைப்பு, பாராட்டுப் பத்திரம், டீ எல்லாம் தீர்ந்தது, கொடுப்பதற்கு இனி அவரிடம் ஒன்றும் இல்லை. யாரும் எழுந்திருக்கவில்லை.

அவள் அந்த பெஞ்சுகளின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நீங்க இதைச் சொல்லாமயே இருந்திருக்கலாம்மா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. “எனக்காகவும் ஒருத்தர் வந்து நின்னாருன்னு நெனச்சுக்கிட்டாவது வீட்டுக்குப் போயிருப்பேன்.”

பையை எடுத்துக்கொண்டாள். பம்பரம் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அவரைத் தாண்டும்போது பழக்கதோஷத்தில் அவள் கை கும்பிடுவதற்காக மேலே எழுந்தது. பாதியிலேயே அதை இறக்கிக்கொண்டு வெளியே போனாள்.